தலைமுழுகாத தளபதி

ரந்தாவ் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். நம் தோட்டத்து லோரிக்காரர் தோளைத் தொட்டு, "அண்ணே, உங்க தளபதி போயிட்டாரு லா. காய்ச்சல்தான்," என்றார். ராமையா அண்ணனை இன்றும் அவர் நாடகத்தில் போட்ட வேடத்தின் பெயரால்தான் சொல்கிறார்கள். மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தோட்டத்து ஜனங்களே, கோயில் திருவிழா நாடகம் உங்களுக்கு மறந்திருக்காது. நான் அரசன், அவர் என்னைக் கொல்லும் தளபதி. என் பிணத்தை அவையில் கிடத்தி, கொலைகாரன் யார் என்ற விசாரணையையும் அவரே நடத்த வேண்டும். சாட்சியை அதட்டும்போது அவர் குரல் நடுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டார்கள்.

கொலைகார வேடம் போட்டவர் கோயில் கிணற்றில் தலைமுழுகித் திருநீறு பூசிய பிறகுதான் லயத்து வீடுகளுக்குள் வரலாம். நம் தோட்டத்து வழக்கம் அது. அன்று நாடகம் முடியும்போதே, காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகால ஊரடங்கு நேரம் வந்துவிட்டது. சிப்பாய்கள் எல்லோரையும் விரட்டினார்கள். மனிதர் அரிதாரத்தோடே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை, நம்மை வேலை வாங்கிய மண்டோர் ரப்பர் மரத்தடியில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

போலீஸ் ராமையா அண்ணனை விசாரித்து விட்டுவிட்டது. பிறகு காட்டிலிருந்து சரணடைந்தவர்களில் ஒருவன், தாங்கள்தான் வெட்டியதாக ஒப்புக்கொண்டான். நம் ஆட்கள் விட்டார்களா? "செய்யாதவனுக்கு அப்படிக் குரல் நடுங்குமா லா?" என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே கேட்டார்கள். பாவத்தைக் கழுவாமல் வந்தவன் என்று அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சனியன் பிடித்த பேச்சு!

அதன்பின் அவர் மேடையேறவே இல்லை. மனைவி இறந்த அன்று கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தார். "அழுதா நடிக்கிறான்னுவாங்க தம்பி. அழலன்னா நெஞ்சழுத்தக்காரன்னுவாங்க. நான் என்னதான் செய்யட்டும்?" பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போவேன். சீனி தூக்கலாகக் கோப்பி கலக்குவார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னை எழுந்திருக்கவே விடமாட்டார். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, அன்னிக்கு நான் நல்லா நடிச்சேனா? ஒருத்தரும் சொல்லலியே."

"செத்துக்கிடந்த நானே எந்திரிச்சு ஓடிடலாமான்னு பாத்தேண்ணே," என்றேன். பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

அடக்கத்துக்கு உங்களில் ஒருவரும் வரவில்லை. பாடை தூக்க ஆளில்லாமல், நானும் லோரிக்காரரும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். வயிறெரிந்து சொல்கிறேன். அவருடைய அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. அன்று கோயில் முன்னால் அவர் நடித்தார், அவ்வளவுதான். கைதட்ட வேண்டிய நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.