யாருக்கென்று தெரியாமல் கட்டிய வீடுகள்

அக்காவின் ஆண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சங்கத்தாருக்கும் தங்கையின் வணக்கம். அக்கா இருந்திருந்தால், உங்களில் யார் யார் இன்னும் வந்து சேரவில்லை என்று இந்நேரம் ரோட்டுப் பக்கம் நாலு தடவை போய்ப் பார்த்திருப்பார். வண்டி குடை சாய்ந்ததோ, மாடு படுத்துவிட்டதோ என்று நினைத்தே பந்தியில் ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அக்காவின் மடியில் ஒருநாளும் கனம் இருந்ததில்லை. பயம் மட்டும் வழி நெடுக இருந்தது. அந்தப் பயத்தை நாம் எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். எல்லோரையும்விட அதிகமாகச் செய்தவள் நான்தான்.

அக்கா பிறந்தது தா.பழூருக்குத் தெற்கே, கொள்ளிடக்கரையை ஒட்டிய எங்கள் ஊரின் பண்ணை மனையில். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குடிசை எங்களுடையது, அது நிற்கும் மண் பண்ணையுடையது. கூலியைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கள் அப்பா ஒரு வருஷம் அப்படிப் பேசிவிட்டார். ஐப்பசி அடைமழையில் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். அம்மா அப்போது பச்சை உடம்புக்காரி; நான்தான் அந்தக் கைக்குழந்தை. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் சட்டிபானைகளோடு உட்கார்ந்திருந்தோமாம். அக்கா என் தலைக்கு மேல் முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். குழந்தை பிழைத்தது. அம்மாவுக்கு ஜன்னி கண்டு, அந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். எனக்கு இதெல்லாம் கேள்விதான். அக்காவுக்கு அப்படியல்ல. வடகிழக்கில் ஒரு மேகம் தலைகாட்டினால் போதும், அவர் முகம் மாறிவிடும்.

கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, கன்னியாஸ்திரீகளின் தயவால் திருச்சியில் பயிற்சி பெற்று, அக்கா எங்கள் ஊருக்கே டீச்சராக வந்தார். கல்யாணமான மறுவருஷமே அத்தானைக் காலரா கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓர் அறையில் தனியாக இருந்தார். என்னை வளர்த்ததும், கட்டிக்கொடுத்ததும், என் வீட்டு அடுப்பு சரியாக அணைந்ததா என்று தினமும் வந்து பார்த்ததும் அவர்தான். "நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று கேட்டால், ஒரு செம்பு தண்ணீரை எடுத்து அணைந்த அடுப்பில் இன்னொரு தடவை தெளித்துவிட்டுப் போவார்.

யுத்தம் முடிந்த சமயம் நமது சங்கம் தொடங்கியது. அதன் ஆரம்பம் வீடு அல்ல, பாய். பண்ணையில் வேலை இல்லாத மாதங்களில் பெண்கள் பட்டினி கிடப்பதைப் பார்த்து, வாய்க்கால் ஓரத்துக் கோரையை அறுத்துப் பாய் பின்னக் கற்றுக்கொள்ளச் சொன்னார் அக்கா. ஆளுக்கு ஒன்றாக விற்றால் வியாபாரி அடிமாட்டு விலை சொல்வான் என்று எல்லோருடைய பாயையும் ஒரே வண்டியில் ஏற்றி அரியலூர்ச் சந்தைக்கு அனுப்பினார். வண்டி திரும்பும்வரை ரோட்டில் நிற்பார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோரை அறுத்தவர்களுக்கும் பின்னியவர்களுக்கும் போக மிஞ்சியது யாருக்கும் லாபமில்லை, சங்கத்துக்கு என்று வைத்தார்கள். அதுதான் பின்னால் வீடு கட்டப் பனைமரமாகவும் மூங்கிலாகவும் மாறியது. பங்குச் சாமியார் கோயிலுக்குச் சொந்தமான மேட்டு நிலத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தார். பத்திரத்துக்காக உடையார்பாளையத்துக்கு எத்தனை நடை நடந்தார் என்று அக்காவின் செருப்பைத்தான் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்தோம். ஆணி கிடைக்காத காலம். கயிற்றால் கட்டினோம். மண் மிதிக்க, தண்ணீர் சுமக்க, சுவர் வைக்க என்று எல்லா வீட்டு ஆணும் பெண்ணும் முறை போட்டு வேலை செய்தோம். அக்கா ஒரே ஒரு விதி வைத்தார். பன்னிரண்டு வீடும் கூரை ஏறி முடியும்வரை எந்த வீடு யாருக்கு என்று தெரியக் கூடாது. முடிந்த பிறகு கோயில் வாசலில் திருவுளச்சீட்டு. தன் வீடு என்று தெரிந்தால் ஒருத்தன் அதற்கு மட்டும் நல்ல மண்ணைக் குழைப்பான், அடுத்தவன் வீட்டுக்குச் சரளையை அள்ளிப்போடுவான் என்பது அக்காவின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சுவரையும் நம் பிள்ளை அதன் அடியில் படுக்கப்போகிறது என்று நினைத்தே வைத்தோம்.

சேதி பண்ணைக்குப் போகாமல் இருக்குமா? காரியஸ்தர் ஒருநாள் மனைக்கு வந்து, சங்கத்தில் சேர்ந்தவர்கள் தீபாவளிக்குள் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும், மறுநாள் ஆள் விட்டுக் கூரையைப் பிரிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அக்கா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப்போட்டிருந்தது, "பதறாத காரியம் சிதறாது." எழுதி முடித்ததும் வாசலுக்கு வந்து மனைப் பக்கம் நாலு தடவை எட்டிப் பார்த்தார். என் மகனுக்கு அப்போது மூன்று மாதம். அக்கா அவனைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார்.

புரட்டாசி முடிவதற்குள் பதினொரு வீடு நிமிர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதன் சுவர் பாதியில் நின்றது. மண்சுவர் வைப்பது எப்படி என்று நம்மில் தெரியாதவர் இல்லை. முழ உயரத்துக்கு ஒரு சுற்று வைத்து, அது வெயிலில் இறுகிய பிறகுதான் அதன் மேல் அடுத்த சுற்று. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. வடகிழக்கு கறுத்தது. காரியஸ்தர் சொன்ன கெடு நெருங்கியது. கீழ்ச்சுற்று பச்சையாக இருக்கும்போதே மேல்சுற்றை வைத்தோம். அக்காவும் பக்கத்தில் நின்றார். சிறு வயதில் மண் மிதித்த காலால் அந்தச் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறேன். அவசரம் மட்டும் காரணமில்லை. பதினொரு வீட்டை நம் வீடாக நினைத்துக் கட்டியவர்கள், கடைசி வீடு மட்டும் நமக்கு விழாது என்று ஆளுக்கு ஆள் மனசுக்குள் நினைத்துக்கொண்டோம். பன்னிரண்டில் ஒன்றுதானே, அது நமக்கா வரப்போகிறது? யாருக்கு என்று தெரியாததால்தான் பதினொன்றை ஒழுங்காகக் கட்டினோம். யாருக்கு என்று தெரியாததால்தான் ஒன்றைக் கெடுத்தோம்.

இரண்டு நாள் மழையில் அந்த வீட்டின் பின்சுவர் வயிறு தள்ளி, காலையில் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. உள்ளே ஆள் இல்லை, ஆண்டவர் புண்ணியம். மழை விட்ட இடைவெளிகளில் மறுபடி வைத்தோம். நின்றது. ஆனால் அடிப்பக்கம் ஈரம் போகவில்லை. லேசாக உள்பக்கம் சாய்ந்திருந்தது. பனங்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தினோம். அதைப் பார்த்து, சங்கத்தில் சேர்ந்ததே தப்போ என்று சிலர் பேசத் தொடங்கினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். மன்னிப்புக் கேட்டு வருகிறவர்களுக்கு மனை உண்டு என்று காரியஸ்தர் சொல்லியனுப்பினார். இரண்டு மூன்று குடும்பங்கள் போய்விடலாமா என்று குசுகுசுத்தன.

சீட்டுப் போடும் நாள் கோயில் வாசலில் எல்லோரும் கூடினோம். வேலைகளை முன்நின்று நடத்திய அருளப்பன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். அந்த வீட்டைச் சீட்டில் சேர்க்க வேண்டாம், வேலைக்குச் சரியாக வராத குடும்பம் எதுவோ அதற்குக் கொடுத்துவிடலாம் என்றார். பல தலைகள் ஆடின. இரண்டு பேர் பெயர்கூடக் காதில் விழுந்தது. அக்கா எழுந்தார். பள்ளிக்கூடத்துக் குரல் இல்லை, மனையில் வளர்ந்த குரல்.

"யாரு வூடுன்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சுவத்தை அப்படி வச்சிருப்பமா? நானும் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். பன்னெண்டையும் சீட்டுல போடுங்க."

பன்னிரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, வீட்டு வரிசைப்படி எடுப்பதென்று ஆனது. பூசைக்கு உதவும் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தான். சாமியார் பெயரை வாசிக்க வாசிக்க, பிழைத்தோம் என்று ஒவ்வொரு குடும்பமாக மூச்சு விட்டது. கடைசி வீடு எங்களுக்கு விழுந்தது.

என் இடுப்பில் பிள்ளை இருந்தான். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அருளப்பன் அண்ணன் மனைவி லூர்து எழுந்து, "டீச்சர், கைப்பிள்ளைக்காரி. நாங்க மாத்திக்கிறோம். எங்க வூட்டுப் பிள்ளைங்க வளந்ததுங்க" என்றார். அந்தப் புண்ணியவதியின் வாய் மூடுவதற்குள் அக்கா வேண்டாம் என்றுவிட்டார். தன் தங்கைக்கு ஒருதரம் மாற்றினால் நாளைக்கு எல்லோரும் மாற்றச் சொல்வார்கள், சங்கம் நிற்காது என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெற்ற தாய் இருந்தால் இப்படிச் செய்வாளா என்று அக்கா காதில் விழும்படியே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனார்.

தீபாவளிக்கு முன்பே பன்னிரண்டு குடும்பமும் மனையைக் காலி செய்தோம். கூரையைப் பிரிக்கப் பண்ணை ஆட்கள் வந்தபோது அங்கே ஆள் இல்லை. மன்னிப்புக் கேட்டும் எவரும் போகவில்லை. டீச்சர் தன் சொந்தத் தங்கையையே அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே, நாம் எந்த முகத்தோடு போவது என்று லூர்து வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

நாங்கள் குடிபோன அன்று மாலை தூறல் தொடங்கியது. கயிற்றுக் கட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு அக்கா வந்தார். கட்டிலை நேராக அந்தப் பின்சுவரை ஒட்டிப் போட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர்தான் என்ன அக்கா இது என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்து ரூம்புல ஒரே கொசு. மழை விடுற வரைக்கும் இங்க படுத்துக்கறேன். சுவத்துல முதுகு பட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும், தம்பி."

எங்கள் பாயை எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளிப்போடச் சொன்னார். சுவர் விழுந்தால் முதலில் அவர்மேல் விழும். பிறகுதான் எங்கள் பக்கம் வரும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாயைச் சுருட்டி அவர் சொன்ன பக்கம் விரித்தேன். மார்கழிப் பனி தொடங்கியதும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷ மழைக்கும் வந்தார். சுவர் இறுகிவிட்டது, முட்டுக்கட்டையைக்கூட எடுத்துவிட்டோம் என்று சொன்னாலும், கொசு அதிகம் என்பார். அதற்கடுத்த மழைக்கும் வந்தார். விடிந்ததும் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிவிட்டு, சிவந்த கண்ணோடு பள்ளிக்கூடம் போவார். "உங்க தூக்கத்துல ஊரே எழுந்துடும்போல, அவ்வளவு குறட்டை" என்று சும்மா கேலி செய்வேன். சந்தோஷமாகச் சிரிப்பார்.

போன மாசியில் நெஞ்சுச்சளி கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கன்னியர்கள் மருந்து கொடுத்தார்கள். அப்போது பக்கத்து ஊரில் சங்கம் இரண்டாவது வரிசை வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சுவர் காய்ந்ததா என்பதுதான். காய்ந்துவிட்டது என்று சத்தியம் செய்தாலும், போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பார். அருளப்பன் அண்ணன் உண்மையாகவே போய்த் தட்டிவிட்டு வந்து சொன்ன அன்று, சாமியாரிடம் கடைசிநேர அவஸ்தைப் பூசுதல் பெற்று, அமைதியாகக் கண்மூடினார்.

இந்த ஒரு வருஷம் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பங்குச் சாமியாருக்கும், கன்னியர்களுக்கும், சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்த சங்கத்தாருக்கும், அழுத கையோடு அக்காவுக்காகப் புதுப்பாய் பின்னிக் கொண்டுவந்த பெண்களுக்கும், தன் நல்ல வீட்டை எனக்குத் தர எழுந்து நின்ற லூர்து அக்காவுக்கும், அச்சுக்கூலியில் பாதியை வேண்டாம் என்ற அச்சகத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். அடுத்துக் கட்டப்போகும் வரிசை வீடுகளுக்கும் திருவுளச்சீட்டுத்தான் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. கடைசி வீட்டை முதலில் கட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா இல்லாமல் ஐப்பசி மழை ஒன்று வந்து போய்விட்டது. அவருடைய கட்டிலை அந்தச் சுவரோரமே போட்டு, முதல் மழையன்று அதில் நான் படுத்தேன். சுவர் கல்போல இறுகியிருக்கிறது, பயமில்லை என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். காற்று அடிக்கும்போதெல்லாம் முதுகால் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது விடியும்வரை கண் மூடவில்லை. அத்தனை மழைக்காலமும் அக்காவும் தூங்கவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.