ரோசி ஏறிய மிலான் ரயில்

"எளாவூரத் தாண்டிட்டான். இன்னும் ஆறு நிமிஷம்" என்று அறிவித்துவிட்டு, வின்சென்ட் ஷேர் ஆட்டோவின் பின்சீட்டைத் துணியால் தட்டுகிறார். ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் ஐந்து வண்டிகளில், லோக்கல் ரயில் எங்கே வருகிறது என்று போனைப் பார்த்துச் சொல்லும் டிரைவர் அவர் ஒருவர்தான். அதோடு நிறுத்தமாட்டார். யாரும் கேட்காமலே இன்னொரு செய்தியும் வரும்: "அங்க போலோனியாவுல நாப்பது நிமிஷம் லேட்டு. அவனுங்களும் நம்மள மாதிரிதான்."

அங்கே என்றால் இத்தாலி. வின்சென்ட் ரயிலில் போன அதிக தூரம் வேளாங்கண்ணி. ஆனால் அவருடைய ஆட்டோவில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கடிகாரங்கள் ஒட்டியிருக்கும். ஒன்று நம் நேரம், மற்றது மூன்றரை மணி பின்னால் ஓடும். அந்த இரண்டாவது கடிகாரம் அவர் மனைவி ரோசியுடையது. நொச்சிக்குப்பத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த ரோசி, மூன்று வருடம் முன்பு, இத்தாலிக்குத் தெற்கே கடல் நடுவில் ஒரு தீவில் இருக்கும் கத்தானியா என்ற ஊருக்குப் போய், தனியாக வாழ்ந்த வயதான அம்மாள் ஒருவருக்குத் துணையாக வேலைக்குச் சேர்ந்தார். குளிப்பாட்டுவது, சமைப்பது, கூடவே படுத்துக்கொள்வது எல்லாம் ரோசிதான்.

போன மே மாதம் அந்த அம்மாள் இறந்துபோனார். வேலையோடு தங்கும் இடமும் போயிற்று. கோயிலில் பழக்கமான கன்னியாஸ்திரி ஒருவர் மிலானில் வேறு வீடு பார்த்துக் கொடுத்தார். அங்கே ஒரு பெரியவர் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். பகல் பன்னிரண்டுக்கு ரோசி மிலான் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். தவறினால் அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை காலை, இறந்த அம்மாளுக்குக் கோயிலில் நினைவுப் பூசை. அதை விட்டுவிட்டுக் கிளம்ப ரோசிக்கு மனம் வரவில்லை. ஆக, நடுவில் இருந்தது ஒரே ஒரு இரவு. தாண்ட வேண்டியதோ இத்தாலியின் கால் நுனியிலிருந்து தலை வரைக்கும்.

எதில் போவது? ரோசியின் தம்பி ஜேம்ஸ், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்பவர், ஸ்டாண்டுக்கே வந்து வாதாடினார்.

"ஃபிளைட்டு ரெண்டு மணி நேரம் மாமா. இன்னாத்துக்கு ராத்திரி பூரா ரயில்ல லோல்படணும்?"

"அந்த ஊரு மலை நெருப்பு கக்குதுடா. சாம்பல் பறந்தா ஏர்போர்ட்ட இழுத்து மூடிடறான்."

"அப்ப பஸ்ஸு?"

"இருபது மணி நேரம் காலத் தொங்கப் போட்டுக்கினு குந்தினா அவ முட்டி இன்னாத்துக்கு ஆவும்?"

"கப்பலு?"

"கப்பலு ஷோக்காதான் இருக்கும். ஏறுறது பலெர்மோ, எறங்குறது ஜெனோவா. அதுக்கு முன்னாடி ஒரு வண்டி, அப்பால ஒரு வண்டி. ரெண்டு பெட்டிய யாரு தூக்குறது?"

அத்தனையும் நியாயமான காரணங்கள். ஆனால் உண்மையான காரணத்தை அவர் ஜேம்ஸிடம் சொல்லவில்லை. தினமும் நண்டுக் கூடையோடு ஏறும் கோமளாவிடம்தான் சொன்னார்: "பிளேன்ல ஏறுனா போன அணைச்சிடுவாக்கா. மொத தபா போனப்ப, பதினெட்டு மணி நேரம் எங்க கீறான்னே தெரியல. ரயிலுன்னா ஒவ்வொரு ஸ்டேஷனா நானும் கூடப் போவலாம்."

படுக்கை வசதியுள்ள ரயிலில், பெண்களுக்கு மட்டுமான பெட்டியில் இடம் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வின்சென்ட் ராஜாவாக இருந்தார். ரோசி அனுப்பிய குரல் பதிவை ஏறியவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். "யோவ், ரயிலு பெட்டியெல்லாம் துண்டு துண்டாப் பிரிச்சி கப்பலுக்குள்ள தள்ளிட்டாங்கயா! ரயில்ல படுத்துக்கினே கடலத் தாண்டுறேன்!" ஏரியில் வலை போடும் பூபதி அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, "ரயிலத் தூக்குற போட்டா? எத்தினி என்ஜினு?" என்றார். வின்சென்ட், ஏதோ தானே கட்டிய படகு என்பது மாதிரி சிரித்துக்கொண்டார்.

எட்டரை மணிக்குப் போனில் சிவப்பு எழுத்து விழுந்தது. தண்டவாளக் கோளாறு, ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். அங்கத்து நேரம் பதினொன்றரைக்கு மிலான் சேர வேண்டியது, இனி இரண்டு மணி ஆகும். ரோசியின் கடிகாரத்தில் விடியற்காலை ஐந்து. அழைத்தார்; எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். ரோசி தூங்கும்போது போனை ஊமையாக்கிவிடுவார்.

ரயில் என்று அடம்பிடித்தது தான் என்பது அவருக்கு உறைத்தது. ஜேம்ஸ் போன் செய்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்பார் என்று வின்சென்ட் காத்திருந்தார். அவரோ, "எங்க மாமா கீறா அக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு நடைக்கு நடுவில் தேடித் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தார். ரோமில் இறங்கி, ரோசியின் கடிகாரப்படி எட்டு மணிக்குக் கிளம்பும் அதிவேக ரயிலைப் பிடித்தால் போதும். "ரோம்ல எறங்கிடு, எறங்கிடு ரோசி" என்று நான்கு முறை பேசி அனுப்பினார். ரோசி கேட்டதற்கான அடையாளம் எதுவும் வரவில்லை. நம் நேரம் பதினொன்றே காலுக்கு, ராத்திரி ரயில் ரோமை விட்டுக் கிளம்பிவிட்டது என்று போன் காட்டியது.

நொச்சிக்குப்பம் சாலையில் ஆறு பேரோடு ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டார். என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவ வேல போச்சிக்கா. நான்தான் கெடுத்தேன்."

கோமளா நண்டுக் கூடையை மறந்து அவர் தோளைத் தட்டினார். அப்போது போன் அடித்தது.

"யோவ், எதுக்குயா இத்தினி தபா அடிச்சிகீற? நான் வேற வண்டில கீறேன்."

"எந்த வண்டி?"

"வேகமா போறதுதான். பக்கத்து பெர்த்து அம்மா எழுப்பி லேட்டுன்னாங்க. நான் போயி டிக்கெட் பாக்குறவர்கிட்ட எல்லாத்தயும் சொன்னேன். அவரே ரோம்ல எறக்கி இதுல ஏத்தி வுட்டாரு. பதினொன்றரைக்கு மிலானு."

"நானும் அதத்தான் மெசேஜ்ல..."

"இப்பதான் கேட்டேன். நீ சொன்ன அதே வண்டிதான்யா." குரல் இளகியது. "அழுவுறியா இன்னா? இரு, இந்த வண்டி டிக்கெட் பாக்குறவரு வர்றாரு, கட் பண்ணாத."

மறுமுனையில் ரோசி யாரோடோ இத்தாலி பாஷையில் பேசத் தொடங்கினார். தடுமாறாமல், சடசடவென்று, மீன் விலை பேசுவது போல. எதிராளி ஏதோ சொல்ல, கலகலவென்று சிரித்தார். பெட்டி தூக்கக்கூட ஆளில்லாத பெண் என்று வின்சென்ட் எண்ணிக்கொண்டிருந்தவரின் சிரிப்பு அது.

"இன்னாவாம்? சேந்துடுவாளா?" என்று கோமளா கேட்டார்.

வின்சென்ட் வாயில் விரல் வைத்து எல்லோரையும் அடக்கினார். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். ஒரு வார்த்தையும் விளங்காத அந்தப் பேச்சை, கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.