புதுத்தண்ணீர்க் கெண்டை

மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டி வரும் மீன்காரர் இன்று காலை எங்கள் வாசலில் பெட்டியைத் திறந்தார். கடல் மீன். எந்தப் படகில் ஏறி, எந்த லாரி மாறி இந்த மலைக்கு வந்து சேர்ந்ததோ. அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதும் எனக்கு என் ஓரகத்தி பொன்னியின் மசக்கைதான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள்.

வெள்ளைக்காரன் காலம் அது. இந்த மலையின் எடப்புளி நாட்டில் எங்களுக்குப் படகு ஏது, வலை ஏது? ஓடையில் ஒரு மடு, கையில் மூங்கில் கூடை. ஆடியில் புதுத்தண்ணீர் வந்தால் சினைக் கெண்டைகள் எதிரேறி வரும். அன்றிலிருந்து ராகி அறுப்பு முடியும்வரை மடுவில் யாரும் கூடை போடக் கூடாது. கருவாட்டு வாசத்துக்கே ஊரைச் சுற்றி வருகிறவள் நான். என் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

அப்படியொரு ஆடியில்தான் பொன்னி மாசமாக இருந்தாள். முன்னே இரண்டு கலைந்துபோனவள். களியைக் கண்டாலே குமட்டல். மீன் குழம்பு ஒன்றுதான் கேட்டாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. இதுவும் தங்காதோ என்று எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் புருஷன், என் கொழுந்தனார், ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றார்.

"வயித்துப்புள்ளக்காரி கேட்டா மறுக்கப்படாது. ஆனா அவளே வந்து அவ கையால எடுக்கோணும். அதான் வழக்கம்" என்றார் கவுண்டர்.

நான் புளியைக் கரைத்து வைத்துவிட்டு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். மடுவில் அவள் கூடை போட்டுத் தூக்கியதும் கெண்டைகள் துள்ளின. பொன்னி ஒன்றைப் பிடித்தாள். முட்டை பிதுங்கி அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

"இதுவும் மாசமா இருக்குதுங்கக்கா."

"ஊரே சம்மதிச்சிருக்குது கண்ணு, எடுத்துக்க."

அவள் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்தப் புளிக்காகத்தான். பிறகு வயல் வரப்பில் நண்டு பிடித்து ரசம் வைத்துக் கொடுத்தேன். அது வயிற்றில் தங்கியது, பிள்ளையும் தங்கியது. மாசியில் பையன் பிறந்தான். எங்கள் வீடு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பையன் வளர்ந்து மலைரோடு போடும் வேலைக்குப் போனான். ஓர் ஆடியில், பாறை உடைக்கிற வெடி ஒன்றைக் கொண்டுவந்து மடுவில் போட்டான். சினை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஊரே கூடையோடு ஓடியது. பொன்னி மட்டும் அன்று அடுப்பு மூட்டவில்லை.

அதற்குப் பிறகும் ஆடிக்கு ஆடி புதுத்தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. மீன் வரவில்லை.