ஆப்பிள் ஒழிந்த நாள்

உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போனால் ஆப்பிள்தான் கொண்டுபோக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? எனக்குத் தெரியவில்லை.

கணவர் பைக்கிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு வீட்டில் இருக்கிறார். பார்க்க வருகிற எல்லோர் கையிலும் ஆப்பிள். அவர் அதைத் தொடுவதில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டே என் விடுப்பு கரைகிறது. திங்கட்கிழமை கல்லூரிக்குத் திருத்திக் கொடுக்க வேண்டிய விடைத்தாள் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது.

இன்று ஃபிரிட்ஜ் கதவை மூட முடியவில்லை. பர்கர் கடையில் விற்பார்களே, அந்த ஆப்பிள் பை செய்து தீர்த்துவிடலாம் என்று இறங்கினேன். பழத்தை நறுக்கி, சீனியும் பட்டைப்பொடியும் போட்டு வதக்கி, மைதா மாவுக்குள் வைத்து மடித்து, எண்ணெயில் பொரித்தேன்.

அந்த நேரம் பார்த்து சாத்தான்குளத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். கையில் ஆப்பிள்.

பொரித்ததில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, இது நம்ம சோமாசுல்லா."

"ஆப்பிள் பை, மதினி."

"தேங்காய்க்குப் பதிலா ஆப்பிள வச்சிட்டு பேர மாத்துதியாக்கும். நல்லாத்தான் இருக்கு."

அவர் கொண்டுவந்ததையும் சேர்த்துப் பொரித்து, பொட்டலம் கட்டி அவரிடமே கொடுத்து அனுப்பினேன். ஆப்பிள் ஒழிந்தது. நாளை முழுக்க விடைத்தாள்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருகிறேன்.

மறுநாள் சேர்த்தது: காலையிலேயே மதினி வந்துவிட்டார். கூடவே மகள், மருமகன், பக்கத்து வீட்டு டீச்சர். ஆளுக்கொரு கவரில் ஆப்பிள்.

"நீ கடைக்கு அலையாண்டாம்னு மைதாவும் வாங்கிட்டு வந்துட்டேன்," என்றார் மதினி.

அடுப்பைப் பற்றவைத்தேன்.