காம்பில்லாத காளான்

இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. விஜயநகர்ல எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு பார்க் இருக்கு. விடிய விடியப் பெஞ்ச மழையில அங்க புல்தரை முழுக்கக் காளான் முளைச்சுக் கிடந்திருக்கு. காலையில வாக்கிங் போன என் வீட்டுக்காரர் ஒரு பை நிறையப் பறிச்சுட்டு வந்து, புத்துக்காளான்னு பெருமையா சமையல் மேடையில கொட்டினார்.

கொட்டினது எல்லாமே வெறும் குடை. காம்பு எங்கேன்னு கேட்டேன். ஒரே சேறு, உனக்கு வேலை மிச்சமாகட்டும்னு அங்கேயே கிள்ளிப் போட்டுட்டேன்னார். எனக்கு வந்துச்சே கோவம்! நான் பிறந்த ஹனூர்ப் பக்கம் காளானைக் காம்போட தோண்டித்தான் எடுப்போம். புத்துக்காளானுக்குக் காம்பு வேர் மாதிரி மண்ணுக்குள்ள நீளமா இறங்கும். புல்லுல வர்ற விஷக்காளானுக்கு அடி குண்டா இருக்கும், காம்புல வளையம் மாட்டியிருக்கும். குடையை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான். எதைப் பார்த்துச் சொல்லணுமோ அதைக் கரெக்டா வீசிட்டு வந்திருக்கார் மனுஷன்.

வேற வழியில்லாம, விரிஞ்ச குடை ஒண்ணை வெள்ளைத்தாள்ல கவுத்து, கிண்ணத்தால மூடி வச்சேன். சாயங்காலத்துக்குள்ள அடியிலிருந்து தூள் உதிரும். லேசா ரோஸ் நிறமா இருந்தா மேற்கொண்டு யோசிக்கலாம், பச்சைன்னா குப்பைதான், அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தா வீடெல்லாம் மசாலா வாசனை. மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவச்சாராம். பூண்டு கறுக்கலையாம், அதனால நல்ல காளானாம். போன்ல போட்டோ எடுத்து ஏதோ ஆப்ல போட்டுப் பார்த்தாராம், அதுவும் நல்லதுன்னுச்சாம். பூண்டு எந்த காலேஜ்ல படிச்சுதோ தெரியல. நான் போய்க் கிண்ணத்தைத் தூக்கினேன். தாள்ல பச்சைத்தூள்.

நல்லவேளை, என்னோட சேர்ந்து சாப்பிடலாம்னு அவர் இன்னும் வாயில வைக்கல. அப்புறம்தான் மெதுவா சொல்றார், பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கு மத்தியானமே ஒரு கிண்ணம் கொடுத்தாச்சுன்னு. ரிட்டயராகித் தனியா இருக்கிறவங்க அவங்க. ஓடினேன். பாத்ரூம் வாசல்ல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தியெடுத்துட்டு இருந்தாங்க. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். குளுக்கோஸ் ஏத்தி, மறுநாள்தான் அவங்களுக்குப் பேச்சே வந்துச்சு.

என்ன காளான்னே தெரியாம எப்படிம்மா சாப்பிட்டீங்கன்னு ஆத்திரத்துல அவங்களையே கேட்டுட்டேன்.

"நீயே பார்த்துச் சமைச்சதுன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரும்மா. அதான் கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டேன்."