நட்சத்திரம் இல்லாத ஊகங்கள்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. முதலாளி அக்காவின் கணவர். கல்யாணம் நின்றுபோனதிலிருந்து அக்கா வீட்டு மாடியறையில் தூக்கம், அச்சக மேஜையில் விழிப்பு.

அன்று காலை, பள்ளிக்கூட ஆங்கில அகராதியின் கடைசி மெய்ப்பைப் புரட்டியதும் அவளுக்கு உச்சி மண்டை கொதித்தது. சொல்லுக்குச் சொல் வேர் தேடிப் போட்டவள் அவள். ஆங்கிலத்தில் 'மதர்', லத்தீனில் 'மாத்தெர்', சமஸ்கிருதத்தில் 'மாத்ரு'. இந்தப் பிள்ளைகளைப் பெற்ற ஆதி மொழியை எழுதிவைத்தவர் எவருமில்லை. பிள்ளைகளின் மூக்கையும் முழியையும் ஒப்பிட்டு, தாய் 'மெஹ்தேர்' என்று இருந்திருப்பாள் என அறிஞர்கள் ஊகித்தார்கள். ஊகம் என்று காட்ட அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம்.

நட்சத்திரங்கள் ஒன்றுகூட இல்லை.

"அத்தான், என் நட்சத்திரமெல்லாம் எங்க?"

"கீழ அடிக்குறிப்பே இல்ல, மேல எதுக்கு நட்சத்திரம்? பக்கம் பூரா ஈ மொய்ச்ச மாதிரி இருந்துச்சு. ஒரே அமுக்கு, எல்லாம் காலி" என்றார் அவர், பெருமை பொங்க.

"யாரைக் கேட்டு அமுக்குனீங்க?"

"என் கம்ப்யூட்டர், என் விரல். மத்தியானம் மெஷின்ல ஏறணும், போம்மா."

"அதெல்லாம் யாரும் காதால கேக்காத வார்த்தை. பசங்க நிஜம்னு நம்பிடும்!"

"நம்பட்டுமே. யாரு குடி முழுகிடும்?"

"என் குடி முழுகலையா? கல்யாணம் நின்னப்ப, 'இவளுக்கு வாய் ஜாஸ்தி, அதான் மாப்பிள்ளை ஓடிட்டான்'னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க. அவன் வந்து உங்ககிட்ட சொன்னானா? நீங்களா ஊகிச்சது. இன்னிக்கு வரைக்கும் அதுதான் நிஜமாச் சுத்துது. அதுக்கு நட்சத்திரம் எங்க, அத்தான்?"

வாசலில் நின்ற மெஷின்காரர், துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார்.

அத்தான் மெஷின்காரரிடம், "இன்னிக்கு வேற வேலை ஓட்டுய்யா" என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டு, பாதிப் பக்கங்களை எடுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் அச்சகமே அதிர்ந்தது.

"அத்தான்! லத்தீனுக்கெல்லாம் ஏன் நட்சத்திரம் குத்துறீங்க? ஊகத்துக்கு மட்டும் போடுங்க!"

"எது ஊகம், எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் உங்க வியாதியே!"