நகத்தால் கீறிப் பார்த்த அண்ணி

அண்ணி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணன் எனக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார். எனக்கோ அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உறவினர்கள் தயவுசெய்து கடைசி வரி வரை படிக்க வேண்டுகிறேன்.

அண்ணி பிறந்தது செங்கம் பக்கத்துக் கிராமம். எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி எல்லாம் நின்ற கிணற்றடித் தோட்டம் அவர்களுடையது. தாயை இழந்ததால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம்பிகளை வளர்த்தார். எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். நான் அப்போது பி.எஸ்ஸி. தாவரவியல் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். என்னை மேற்படிப்புக்குச் சென்னை அனுப்புவதா, கடையில் உட்கார வைப்பதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

அந்தச் சித்திரா பௌர்ணமிக்கு, மலை சுற்றுபவர்களுக்காகச் செங்கம் சாலையில் பானகப் பந்தல் போட்டோம். எலுமிச்சை வாங்க என்னையும் அண்ணியையும் அனுப்பினார் அப்பா. "இதையாவது இவன் ஒழுங்கா செய்யறானான்னு பாக்கறேன். அப்புறம் மெட்ராஸைப் பத்திப் பேசலாம்."

மண்டியில் அண்ணி மூட்டையின் அடியிலிருந்து ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறி முகர்ந்தார்.

"தம்பி, மேல இருக்கறதுதாங்க எலுமிச்சை. அடியில பூரா நாரத்தைப் பிஞ்சு. தோலு எவ்ளோ தடிப்பு பாருங்க. பிழிஞ்சா கசக்கும்."

"அண்ணி, பாட்டனி படிக்கிறது நீங்களா, நானா? ஒரே அளவு, ஒரே பச்சை. தூக்குப்பா மூட்டையை!"

அண்ணி சமையலுக்கு வீட்டுக்குப் போக, நானும் நண்பர்களும் பந்தலில் உட்கார்ந்து பிழிந்து தள்ளினோம். முதல் குவளை வாங்கிய பெரியவர் தூவென்று துப்பினார்.

"இன்னாய்யா இது, வேப்பிலைக் கஷாயமா? சாமி பேரைச் சொல்லி ஊத்தறீங்களே!"

"எவன் பாத்து வாங்கினது?" என்று கத்தினார் அப்பா. நான் கரண்டியை எடுத்து அண்டாவைக் கலக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் வந்துசேர்ந்த அண்ணி என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"நான்தாங்க மாமா. தம்பி வேணாம்னுதான் சொன்னாரு."

சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு மீதிக் காய்களின் முன் உட்கார்ந்தாரே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கீறுவார், முகர்வார், இந்தப் பக்கம் போடுவார். கீறுவார், முகர்வார், அந்தப் பக்கம். பத்துக் காய்க்குப் பிறகு கீறவே இல்லை. தொட்ட மாத்திரத்தில் பிரித்தார்! இரண்டாவது அண்டா அமிர்தம். துப்பிய பெரியவரே மூன்று குவளை குடித்தார்.

நான் சென்னை போனேன். அண்ணிக்கு 'நாரத்தை' என்ற பெயர் நின்றது. எந்தக் கல்யாணப் பந்தியில் எலுமிச்சை சாதம் வந்தாலும், "நாரத்தை கிளறினதா? பாத்துத் துன்னுங்கடா!" என்பீர்கள். எல்லோரையும்விட ஜாஸ்தி சிரித்தவர் அண்ணிதான்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை என்று எலுமிச்சை கேட்டார். வாங்கிப் போனேன். நகத்தால் கீறி முகர்ந்தார்.

"பரவால்ல. பாஸாயிட்டீங்க தம்பி."

"அண்ணி, எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்."

"சும்மா இருங்க. உங்க மானம் கப்பலேறிடும்."

ஏறட்டும் அண்ணி.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், அண்ணன் வீட்டுக்கு மாதக்கணக்கில் சோறு போட்ட எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

இன்று பந்தியில் எலுமிச்சை சாதம் உண்டு. பழம் நான்தான் வாங்கினேன், ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்து. பரிமாறும்போது யாராவது 'நாரத்தை' என்று கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்.